திரையில் நழுவும் சிறு பிழைகள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள் நம் பெரியோர். நூற்றுக்கணக்கானோர் கூடி, பல மாதங்கள் பாடுபட்டு, பெரும் பொருள் செலவழித்து எடுக்கும் திரைப்படங்களிலும் அவ்வப்போது அடி சறுக்குவதுண்டு. சமையலறையில் நின்ற கதாநாயகியின் இடக்கையில் இருந்த கைக்கடிகாரம், அவள் கூடத்துக்கு வந்ததும் வலக்கைக்கு மாறிவிடும். அப்பா பாதி குடித்து வைத்த காப்பி டம்ளர், அடுத்த நொடியில் தளும்பத் தளும்ப நிறைந்திருக்கும். மழையில் தொப்பலாக நனைந்து ஓடி வந்தவர், வாசற்படி தாண்டியதும் உலர்ந்த சட்டையோடு நிற்பார்.

இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நெடுநாளாக ஆர்வம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வீடு திரும்பி, மதிய உணவுக்குப் பின் தொலைக்காட்சியில் பழைய படம் பார்க்க எல்லாரும் அமரும்போது, நான் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர்வேன். அதற்குப் ‘பிழை ஏடு’ என்று பெயரும் வைத்திருந்தேன். எங்கள் வகுப்பு இலக்கிய மன்றக் கூட்டத்தில் அதிலிருந்து சில பகுதிகளைப் படித்தபோது வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் மகிழ்ந்து போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான் படித்தவற்றுள் ஒன்று பிழையே அன்று என்றும், பிழை என்னிடம்தான் இருந்தது என்றும் பின்னர் தெரிந்தது. அதைப் பிறகு கூறுகின்றேன். அதற்கு முன், படத்தில் பிழைகள் எப்படி நுழைகின்றன, அவை ஏன் நம் கண்ணுக்குத் தப்புகின்றன, எது பிழை, எது பிழையன்று என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தொடர்ச்சி என்றால் என்ன?

நாம் திரையில் கதையை முதலிலிருந்து முடிவு வரை வரிசையாகப் பார்க்கின்றோம். ஆனால் படம் அந்த வரிசையில் எடுக்கப்படுவதில்லை. ஒரு கதையில் வரும் பெண், திண்டிவனத்தில் தன் வீட்டிலிருந்து அழுதுகொண்டே வெளியேறி, தெருவில் நடந்து, பேருந்தில் ஏறி, விழுப்புரத்தில் இறங்குகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் வீட்டின் உட்புறம் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் போடப்பட்ட செட்டாக இருக்கலாம். தெரு வேறோர் ஊரின் தெருவாக இருக்கலாம். பேருந்துக் காட்சியை முதல் வாரத்திலும், வீட்டுக் காட்சியை மூன்று மாதம் கழித்தும் எடுத்திருக்கலாம். ஓரிடத்தில் நடக்கும் காட்சிகளையெல்லாம் சேர்த்து எடுத்துவிட்டால் செலவு குறையும். நடிகர்கள் ஒதுக்கித் தந்த நாள்களும் வீணாகா. அதனால்தான் இவ்வாறு செய்கின்றார்கள்.

வீட்டுக்குள் அழும்போது அந்தப் பெண்ணின் தலையில் ஒற்றை ரோஜா இருந்தால், மூன்று மாதம் முன்பே எடுத்து முடித்த பேருந்துக் காட்சியிலும் அதே பக்கத்தில் அதே ரோஜா இருந்தாக வேண்டும். கையில் எத்தனை வளையல், பை எந்தத் தோளில், புடவைத் தலைப்பு இழுத்துச் செருகியதா, தொங்கவிட்டதா என்பவையெல்லாம் பொருந்த வேண்டும். இப்படி ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே ஒட்டுப் போட்டது தெரியாமல் இருப்பதையே ‘தொடர்ச்சி’ என்கின்றோம். படப்பிடிப்பில் இருப்பவர்கள் ‘கன்டினியூட்டி’ என்று ஆங்கிலச் சொல்லையே வழங்குகின்றார்கள்.

இதைக் கவனிப்பதற்கென்றே ஆள் உண்டு. வெளிநாட்டுப் படங்களில் இதற்குத் தனி அலுவலர் இருப்பார். நெடுங்காலம் இப்பணியில் பெண்களே மிகுதியாக இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. நம் தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் உதவி இயக்குநர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கின்றார். எந்த வசனத்தைப் பேசும்போது நடிகர் கையைத் தூக்கினார், கதவு எவ்வளவு திறந்திருந்தது, மேசைமேல் என்னென்ன பொருள்கள் இருந்தன என்று அவர் குறித்து வைப்பார். முற்காலத்தில் கையால் எழுதினார்கள். புகைப்படமும் எடுத்து வைத்தார்கள். இன்று கைப்பேசியிலேயே படம் எடுத்துக்கொள்கின்றார்கள். படப்பிடிப்பின்போது ‘டக்’ என்று தட்டுகின்றார்களே, அந்தக் கிளாப் பலகையில் காட்சி எண், ஷாட் எண், டேக் எண் ஆகியவை எழுதியிருக்கும். பின்னால் துண்டுகளை அடையாளம் கண்டு சேர்ப்பதற்கும், ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்கும் அது உதவுகின்றது.

பிழை நுழைவது எப்படி?

இவ்வளவு காவல் இருந்தும் பிழை நுழைவது எப்படி? முதற் காரணம், ஒரே காட்சியைப் பலமுறை எடுப்பதுதான். தூரத்திலிருந்து ஒருமுறை, அருகிலிருந்து ஒருமுறை, எதிர்ப்புறமிருந்து ஒருமுறை என எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் நடிகர் டம்ளரைத் தூக்கி ஒரு வாய் பருகுவார். ஐந்தாம் முறை எடுக்கும்போது டம்ளரில் பால் குறைந்திருக்கும்; அல்லது யாரேனும் மறுபடி நிரப்பியிருப்பார்கள். இரண்டையும் வெட்டி ஒட்டும்போது பால் ஏறி இறங்குகின்றது.

இரண்டாவது காரணம் எனக்கு வியப்பாக இருந்தது. சில பிழைகள் தெரிந்தே விடப்படுகின்றன! மூன்றாவது டேக்கில் டம்ளர் சரியான இடத்தில் இருக்கின்றது. ஆனால் தாயாக நடிப்பவரின் முகத்தில் துயரம் போதவில்லை. ஐந்தாவது டேக்கில் அவர் உள்ளம் உருக நடித்துவிட்டார். ஆனால் டம்ளர் நான்கு விரற்கடை நகர்ந்திருக்கின்றது. படத்தொகுப்பாளர் எதை எடுப்பார்? ஐந்தாவதைத்தான் எடுப்பார். நாமும் அந்தத் தாயின் முகத்தைத்தான் பார்ப்போமே தவிர டம்ளரைப் பார்க்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது காரணம் இயற்கை. வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் தொடங்கி மாலையில் முடித்தால் நிழல் திசை மாறிவிடுகின்றது. இரண்டே நிமிடம் பேசிய இருவரில், ஒருவரின் நிழல் கிழக்கேயும் மற்றவரின் நிழல் மேற்கேயும் விழும்!

நான்காவது, மனித சுபாவம். 1959-ஆம் ஆண்டு ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ என்னும் ஆங்கிலப் படத்தில், ஓர் உணவு விடுதியில் துப்பாக்கி வெடிக்கும் காட்சி உண்டு. பின்னால் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன், துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னாலேயே இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்கின்றான். கதைப்படி அவனுக்கு அது தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் ஒத்திகையின்போதும் முந்திய டேக்குகளிலும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, இதோ வெடிக்கப் போகின்றது என்று அந்தப் பிள்ளை தெரிந்து வைத்திருக்கின்றான். தீபாவளிச் சரத்தின் திரியில் நெருப்பு வைத்ததுமே காதைப் பொத்திக்கொள்ளும் நாமும் அதைத்தானே செய்கின்றோம்!

நம் கண் ஏன் ஏமாறுகின்றது?

இத்தனை பிழைகள் இருந்தும் பெரும்பாலோர் அவற்றைக் காண்பதில்லை. இதைப் பற்றி அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றார்கள். டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இருவர் 1998-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவர் வழிப்போக்கரை நிறுத்தி வழி கேட்கின்றார். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு இடையே புகுந்து செல்கின்றார்கள். அந்த மறைவில், வழி கேட்டவர் விலகிக்கொண்டு வேறொருவர் வந்து நின்றுவிடுகின்றார். உயரம் வேறு, குரல் வேறு, உடை வேறு. ஆயினும் வழி சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், ஆள் மாறியதை அறியாமலே தொடர்ந்து வழி சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு, 1999-இல், சைமன்ஸ் மற்றோர் அறிஞரான கிறிஸ்டபர் சாப்ரிஸுடன் சேர்ந்து இன்னோர் ஆய்வை வெளியிட்டார். சிலர் பந்தை மாற்றி மாற்றி எறியும் ஒரு சிறு படத்தைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தை எறிகின்றார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவிலே மனிதக் குரங்கு வேடமிட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போகின்றார். எண்ணுவதிலேயே கருத்தாக இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் குரங்கைக் காணவேயில்லை!

இதிலிருந்து நாம் அறிவது யாது? கண் திறந்திருப்பதாலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுகின்றோம் என்பதில்லை. எதைத் தேடுகின்றோமோ அதையே காண்கின்றோம். கதையைத் தேடுகின்றவர்களுக்குப் பிழை தெரிவதில்லை. அதுபோலவே, பிழையை மட்டும் தேடுகின்றவர்களுக்கு வேறு சில தெரியாமற் போகக் கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தை மீறும் பொருள்கள்

தொடர்ச்சிப் பிழையைப் போன்றே சுவையானது காலப் பிழை. கதை நடக்கும் காலத்தில் இல்லாத பொருள், காட்சியில் வந்துவிடுவது இது. கன்னியர் மடப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மிகவும் பிடித்த படம், 1965-இல் வெளிவந்த ‘தி சவுண்ட் ஆப் மியூசிக்’. ஆஸ்திரியா நாட்டில் 1938-ஆம் ஆண்டையொட்டி நடக்கும் கதை அது. அதில் சந்தைக் காட்சியில் ஓர் ஆரஞ்சுப் பெட்டியின்மேல் இஸ்ரேல் நாட்டு விளைபொருள் என்று எழுதியிருக்கின்றது. இஸ்ரேல் என்னும் நாடு உருவானதோ 1948-இல். பத்து ஆண்டுகள் முன்கூட்டியே ஆரஞ்சுப் பழம் வந்துவிட்டது!

நம் ஊர்ப் பக்கத்தைக் களமாகக் கொண்ட கதைகளில் இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க, சில அடையாளங்களைத் தொகுத்துள்ளேன்.

கதை 1970-களில் நடக்கின்றது. அலுவலக வாசலில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்று பலகை இருக்கின்றது என்றால் அது பிழை. அன்று நாம் தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள்தான்.

காரின் எண் பலகையில் விழுப்புரத்துக்குரிய டி.என். 32 என்றோ, திண்டிவனத்துக்குரிய டி.என். 16 என்றோ இருந்தால், கதை 1989-க்குப் பிற்பட்டதாக இருக்க வேண்டும். மாநில எழுத்துக்களோடு இரண்டு இலக்கம் சேர்க்கும் முறை அதன் பிறகே வந்தது.

கடித உறையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், கதை 1972 ஆகஸ்டு 15-க்குப் பிற்பட்டதாக இருக்க வேண்டும். கடையின் விலைப் பலகையில் இன்றைய ரூபாய்க் குறி இருந்தால் 2010-க்குப் பிற்பட்டதாக இருக்க வேண்டும். சென்னைத் தெருவில் டிராம் வண்டி ஓடினால் 1953-க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது நம் தமிழ் எழுத்து. 1978-ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் 1935 முதலே வழங்கிய வடிவங்கள் அவை. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலாகப் பதின்மூன்று எழுத்துக்களின் உருவம் மாறிற்று. அதற்கு முன் ‘லை’ என்பதை யானைத் தும்பிக்கை போலச் சுழித்து எழுதினார்கள். உங்கள் பாட்டியின் பழைய செபப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், விளங்கும். ஆகவே சுதந்திரப் போராட்டக் காலத்துக் கதையில், கடைப் பலகையிலோ புகைவண்டி நிலையத்திலோ இன்றைய ‘லை’ இருந்தால் அது பெரும்பாலும் காலப் பிழையே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘விழுப்புரம்’, ‘திண்டிவனம்’ ஆகிய இரண்டு பெயர்களிலும் மாறிய எழுத்து ஒன்றுகூட இல்லை. ஊர்ப் பெயரை எழுதும்வரை தப்பித்துக்கொள்ளலாம். ‘நிலையம்’ என்று எழுதும்போது அகப்பட்டுக்கொள்வார்கள்!

பிழை போலத் தோன்றுபவை

எனினும், உண்மைக்கு மாறானவை எல்லாம் பிழை ஆகா. தமிழின் முதற் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் வெளிவந்தது. எச்.எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் கதாநாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தோர் தெலுங்கிலும் பேசினார்கள். காளிதாசர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த வடமொழிக் கவிஞர். ஆனால் அப்படத்தில், 1767-இல் பிறந்த தியாகராஜரின் கீர்த்தனைகளும், காந்தியடிகளைப் போற்றும் தேசபக்திப் பாடல்களும் இடம்பெற்றன. இன்றைய கண்ணுக்கு இது பெரிய காலப் பிழை. ஆனால் அன்று திரையில் முதன்முதலாகத் தமிழ்க் குரலைக் கேட்க வந்த மக்கள், அந்த ஆண்டுகளில் நாடெங்கும் ஒலித்த விடுதலைக் குரலையும் அங்கே கேட்க விரும்பினார்கள். படம் எடுத்தவர்கள் தெரிந்தே அதைச் சேர்த்தார்கள். அதை அறியாமை என்று சொல்ல முடியுமா?

அவ்வாறே 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் மோதும் வசனங்கள் ஆவணங்களிலிருந்து எடுத்தவை அல்ல. அவை சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்து. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரனின் நெஞ்சுரத்தை மக்கள் மனத்தில் பதிக்க எழுதப்பட்டவை. வரலாற்றுத் தேர்வில் அவற்றை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் படத்தில் அவை பிழையல்ல.

‘தி சவுண்ட் ஆப் மியூசிக்’ படத்தையே மறுபடியும் எடுத்துக்கொள்வோம். படத்தில் மரியாவின் குடும்பம் மலையைத் தாண்டி நடந்து தப்பிக்கின்றது. உண்மையில் அவர்கள் புகைவண்டி ஏறி இத்தாலிக்குச் சென்றார்கள். சால்ஸ்பர்க் நகரருகே உள்ள மலையைத் தாண்டினால் அவர்கள் யாருக்குப் பயந்து ஓடினார்களோ அந்த ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள்! மேலும் மரியாவுக்கும் படைத்தலைவருக்கும் திருமணம் நடந்தது 1927-ஆம் ஆண்டில். அவர்கள் நாட்டைவிட்டுச் சென்றதோ 1938-இல். பதினோரு ஆண்டுகளைப் படம் ஒன்றாகச் சுருக்கிவிட்டது. இது கதை சொல்வோர் எடுத்துக்கொண்ட உரிமை. ஆரஞ்சுப் பெட்டி மட்டுமே கவனக் குறைவு.

பிழை கண்டவரின் பிழை

சில வேளைகளில் பிழை என்று நாம் காண்பதே பிழையாகிவிடும். 1988 முதல் 1990 வரை தொலைக்காட்சியில் வந்து நாடு முழுவதையும் கட்டிப்போட்ட பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ தொடர், 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. அப்போது பீஷ்மரின் பின்னால் ஏர்கூலர் ஒன்று இருக்கின்றது என்று ஒரு படம் நாடெங்கும் பரவியது. பலரும் சிரித்தார்கள். பின்னர் சிலர் காட்சியை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, அது ஏர்கூலர் அன்று, தூணில் உள்ள வேலைப்பாடு என்று எடுத்துக் காட்டினார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதையும் படித்திருப்பார்கள்?

இனி என் கதைக்கு வருகின்றேன். என் ஏட்டில் இருந்த ஒரு குறிப்பு இது. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், கதாநாயகி ஊருக்குப் புறப்படும் புகைவண்டியைக் கரி எஞ்சின் இழுக்கின்றது. ஆனால் தண்டவாளத்துக்கு மேலே மின்சாரக் கம்பி செல்கின்றது! மின்சாரம் வந்த பிறகு கரி எஞ்சினுக்கு என்ன வேலை? வெவ்வேறு காலத்தில் எடுத்த துண்டுகளை ஒட்டிவிட்டார்கள் என்று எழுதி, இலக்கிய மன்றத்தில் படித்தேன். அதற்குத்தான் மிகுந்த சிரிப்பு எழுந்தது. மாலையில் வீட்டில் தாத்தாவிடமும் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“அது தப்பு இல்லம்மா” என்றார். “அந்த மாதிரி கம்பிக்குக் கீழே நின்னுதான் நான் பதினோரு வருஷம் கரி வாரிப் போட்டேன்.”

என் தாத்தா விழுப்புரம் சந்திப்பில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அவர் விளக்கினார். சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருந்த மீட்டர் கேஜ் பாதை 1960-களிலேயே மின்மயமாயிற்று. ஜப்பானில் செய்யப்பட்ட மின்சார எஞ்சின்கள் அதில் ஓடின. ஆனால் விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கும் காட்பாடிக்கும் பிரிந்து செல்லும் பாதைகளில் அப்போது கம்பி இல்லை. அந்த வண்டிகளுக்குக் கரி எஞ்சின்தான். ஆகவே ஒரே சந்திப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கம்பி செல்லும் இடத்தில் நிற்கும்போது, கரியைத் தள்ளிவிடுவதற்காக எஞ்சினுக்குப் பின்னால் உள்ள கரித்தொட்டியின்மேல் ஏறக் கூடாது என்று கடுமையான எச்சரிக்கை இருந்ததாம். மறந்து ஏறினால் உயிர் போய்விடும். “வேலைக்குப் போற அன்னிக்கெல்லாம் உன் பாட்டி அதைச் சொல்லித்தான் அனுப்புவா” என்றார் தாத்தா.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் படத்தைப் பார்த்துச் சிரித்ததாக எண்ணியிருந்தேன். என் தாத்தா உயிரைப் பணயம் வைத்து உழைத்த இடத்தைப் பார்த்தல்லவா சிரித்திருக்கின்றேன்! அந்த மீட்டர் கேஜ் பாதையும் இன்று இல்லை. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அது அகலப் பாதையாக மாறத் தொடங்கியது. அந்த எஞ்சின்களும் போய்விட்டன. தாத்தா நின்ற அந்த நிலையம் இப்போது எஞ்சியிருப்பது இத்தகைய பழைய படங்களின் பின்னணியிலும், அவரைப் போன்றவர்களின் நினைவிலும்தான். படம் எடுத்தவர்கள் அறியாமலே ஒரு காலத்தைப் பிடித்து வைத்திருக்கின்றார்கள். நான் அதைப் பிழை என்று அடித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில், தமிழ் ஆசிரியையின் அனுமதி பெற்று எழுந்து நின்று, “போன வாரம் நான் சொன்னது தவறு” என்று கூறி, தாத்தா சொன்னதைச் சொன்னேன். முன்னே வந்த சிரிப்பு அன்று வரவில்லை. எனக்குக் குரல் நடுங்கியது. ஆனால் கூட்டம் முடிந்ததும், தன் தாத்தாவும் இரயில்வேயில் இருந்தவர்தான் என்று ஒரு தோழி வந்து சொன்னாள். அவளும் இனிமேல்தான் அவரிடம் கேட்கப் போகின்றாளாம்.

துணுக்குச் செய்திகளையும் ஆராய்க

திரைப்படத் துணுக்குச் செய்திகளுக்கும் இது பொருந்தும். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் தஞ்சை மாவட்டம் சூரக்கோட்டையில் பிறந்தார் என்று சிலர் எழுதுகின்றார்கள். அது அவர் குடும்பத்தின் ஊர். அவர் பிறந்தது நம் விழுப்புரத்தில், 1928 அக்டோபர் முதல் நாள். கட்டபொம்மனாக நடித்து, 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றவர் நம் ஊரில் பிறந்தவர் என்பதை நாமே அறியாவிட்டால் யார் அறிவார்?

இன்னொன்று: தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலி உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? நோயுற்றுப் படுத்திருந்த புனித கிளாரா, கோவிலுக்குச் செல்ல இயலாத கிறிஸ்துமஸ் இரவில், அங்கே நடந்த வழிபாட்டைத் தம் அறையிலேயே கண்டார் என்பது மரபு. அதனால் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1958-ஆம் ஆண்டு அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். மாலை நேரத்தில் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை!

முடிவுரை

தோழியரே, பிழை காண்பது தவறன்று. உற்று நோக்கும் பழக்கம் அறிவியல் கூடத்திலும், கணக்குத் தாளிலும், நாளை நாம் செய்யப் போகும் வேலையிலும் துணை நிற்கும். திரைக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கின்றது என்பதையும் அது காட்டும். ஆனால் பிழை என்று சொல்லுமுன் மறுமுறை பார்க்க வேண்டும். அந்தத் தொழிலையோ அந்தக் காலத்தையோ அறிந்தவரிடம் கேட்க வேண்டும். நாம் சொன்னது தவறென்று தெரிந்தால், சொன்ன இடத்திலேயே திருத்திக்கொள்ள வேண்டும். பிறர் கண்ணில் உள்ள துரும்பையும் நம் கண்ணில் உள்ள மரக்கட்டையையும் பற்றி நம் ஆண்டவர் சொன்னது திரைப்படம் பார்ப்பவர்களுக்கும் பொருந்தும் என்பதை நான் இவ்வாண்டு கற்றுக்கொண்டேன்.

என் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் இருந்த ‘பிழை ஏடு’ என்ற பெயரை அடித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘கண்டது’ என்றும் வலப்பக்கம் ‘கேட்டு அறிந்தது’ என்றும் எழுதியிருக்கின்றேன். இடப்பக்கம் விரைவில் நிறைந்துவிடுகின்றது. வலப்பக்கத்தை நிரப்பத் தாத்தாவின் அருகில் நெடுநேரம் அமர வேண்டியிருக்கின்றது. அதுவே எனக்கு இப்போது படம் பார்ப்பதைவிடப் பிடித்திருக்கின்றது என்று கூறி, என் கட்டுரையை முடிக்கின்றேன்.